வலை பின்னிய கைக்கு நிட்டிங் ஏன் வரமாட்டேன் என்கிறது?

தொண்டியிலிருந்து எழுதியிருக்கும் தம்பி கேட்டிருப்பது இது: "வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வலை வேலை. எனக்கும் வலை ஊசி பிடிக்கத் தெரியும். குன்னூரில் இருக்கும் அக்காவின் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்னலாம் என்று வீடியோ பார்த்து ஆரம்பித்தேன். 2 மாதத்தில் 11 முறை பிரித்துவிட்டேன். பழகுவதற்காக 30 கண்ணி போட்டுப் பட்டையாகப் பின்னினால் ஒரு நாள் 37 ஆகிறது, ஒரு நாள் 28 ஆகிறது. தவறு கண்ணில் பட்டதும் முழுவதையும் பிரிக்க வேண்டுமா, விட்டுவிட்டு மேலே போகலாமா? நான் இடக்கைக்காரன், அதனால்தான் வரவில்லையா?"

மேலோட்டமாகப் பார்த்தால் பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்விதான். ஆனால் 11 முறை பிரித்தவர் மனதில் இருக்கும் கேள்வி, 'இத்தனை தவறு செய்தும் எனக்கு ஏன் ஒன்றும் பிடிபடவில்லை' என்பது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் 22 வருடமாகத் தையலும் நிட்டிங்கும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வலைக்கார வீட்டுப் பிள்ளைகள். உங்களுக்கு நடப்பது அவர்களில் பலருக்கு நடந்ததுதான்.

வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சில் நிற்கிறது. ஒரு இழை அறுந்தால் அந்த இடம் மட்டும் பிளக்கும், பக்கத்து முடிச்சுகள் அசையாது. தப்பாகப் போட்ட முடிச்சை உருவி எடுக்கவும் முடியாது, கத்தி வைத்துத்தான் வெட்ட வேண்டும். நிட்டிங்கில் முடிச்சே கிடையாது. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாக, அதாவது வளையங்களாகப் போகிறது, கீழ் வரிசைக் கண்ணிக்குள் மேல் வரிசைக் கண்ணி நுழைந்து நிற்கிறது. மேலே இருப்பது ஊசியிலிருந்து நழுவினால் அதற்குக் கீழே இருப்பது பிடி இழக்கும், பிறகு அதற்குக் கீழே இருப்பது. ஏணிப்படி மாதிரி கீழே ஓடும். வலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எல்லாம் போய்விட்டது போலத் தெரியும். ஆனால் நூல் எங்கும் போகவில்லை. அந்த ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு கண்ணிக்கு உரிய நூல், முழு நீளத்தோடு அங்கேயே குறுக்கே கிடக்கிறது. முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி ஒன்று இருந்தால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம். முடிச்சு இல்லாததால் சீக்கிரம் கெடுகிறது, அதே காரணத்தால் 20 வரிசைக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு கண்ணியை மட்டும் போய்ச் சரிசெய்துவிட்டு வரவும் முடிகிறது. உங்கள் கை இன்னும் இதை நம்பவில்லை. நம்பாததால்தான் ஒரு கண்ணிக்காக மொத்தத்தையும் பிரிக்கிறீர்கள்.

வலை பழகிய கையோடு இன்னொன்றும் கூடவே வருகிறது: இறுக்கம். வலையில் முடிச்சை இழுத்து இறுக்காவிட்டால் கண் நழுவிவிடும், அதனால் கை தானாகவே ஒவ்வொரு முறையும் ஒரு இழுப்பு இழுக்கும். அதே கை நிட்டிங்கிலும் இழுக்கிறது. வலையில் கண் அளவு ஒரே மாதிரி வர ஒரு பலகைத்துண்டை வைத்துக்கொள்வீர்கள் இல்லையா? இங்கே ஊசியின் பருமன்தான் அந்தப் பலகை. ஊசி முனை கூம்பிப் போயிருக்கும், அங்கேயே கண்ணியை வைத்து இறுக்கினால் அது 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னியது ஆகாது, 3 மில்லிமீட்டரில் பின்னியது போல ஆகும். ஒவ்வொரு கண்ணியையும் ஊசியின் முழுப் பருமனுக்குத் தள்ளி உட்கார வையுங்கள், நூலை இழுக்காமல் விடுங்கள். ஊசியில் கண்ணி தடையில்லாமல் வழுக்கிப் போகவேண்டும். கிறீச்சென்று சத்தம் வந்தால் இறுக்கம்.

இது வெறும் அழகுக்காகச் சொல்வதில்லை. நடுத்தரப் பருமன் நூலில், 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணி வரும் என்று ஒரு தொப்பிக் குறிப்பு சொல்வதாக வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 88 கண்ணி. உங்கள் கை இறுக்கி 10 சென்டிமீட்டருக்கு 26 கண்ணி போட்டால், அதே 88 கண்ணியில் வருவது 34 சென்டிமீட்டர்கூட இல்லை. பிறந்த குழந்தைக்கு வேண்டுமானால் பொருந்தும். அக்கா குழந்தைக்கு 6 மாதம் ஆகிவிட்டால் தலை 43 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லாமலே தொப்பி பாழ். ஆகவே தொப்பிக்கு முன்னால் ஒரு சதுரம் பின்னி, நனைத்து, காயவைத்து, அதன் பிறகு அளந்து பாருங்கள். ஒரு சாயங்காலம் செலவாகும், ஒரு வாரம் மிஞ்சும்.

இப்போது 11 முறை பிரித்த கதைக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பில் விடுதியில் இருந்தபோதுதான் ஊசி பிடித்தேன். கைவேலை வகுப்பில் ஆசிரியை ஒருவர் வந்து பார்ப்பார், தவறு இருந்தால் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. "மறுபடியும் போடு." எங்கே தவறு, எந்த வரிசையில், எதனால் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வருடம் முழுக்க அப்படியே போனது. வருட முடிவில் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, முதல் 10 வரிசை. 15-ஆவது வரிசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே போனதே இல்லை. நீங்கள் உங்களுக்கே அந்த ஆசிரியையாக இருக்கிறீர்கள், தம்பி. பிரித்த நூலில் தவறு இருக்காது. எங்கே இருந்தது, என்ன மாதிரி இருந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி அந்தப் பின்னல், அதைப் பார்க்காமலே கலைத்துவிடுகிறீர்கள். பிரிப்பதில் குற்றம் இல்லை, நானும் இன்றுவரை பிரிக்கிறேன். ஆனால் தவறு நடந்த இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிந்த பிறகுதான் பிரிக்கவேண்டும்.

உங்கள் 37-ஐ எடுத்துக்கொள்வோம். பின்னலை நேரில் பார்க்காததால் இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். துணியின் ஓரம் படிப்படியாக வெளியே அகன்றுகொண்டு போகிறது, நடுவில் ஓட்டை எதுவும் இல்லை என்றால், தவறு வரிசையின் முதல் கண்ணியில். துணியைத் திருப்பிப் பிடிக்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போய்விடுகிறது. அது கீழ்க் கண்ணியை மேலே இழுத்துவிடும், அதன் இரண்டு கால்களும் ஊசிமேல் உட்கார்ந்து இரண்டு கண்ணி போலத் தெரியும். நீங்கள் இரண்டையும் பின்னுவீர்கள், ஒன்று கூடிவிடும். திருப்பியதும் நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியாகப் பின்னுக்குக் கொண்டுபோனால் இது அன்றோடு நிற்கும். எங்கள் திண்ணையில் கண்ணி கூடும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கிறது. ஓரம் நேராக இருந்து நடுவில் சிறு சிறு ஓட்டைகள் தெரிந்தால் கதை வேறு: நிட்டிலிருந்து (நம் பக்கம் வழுவழுப்பாக வரும் கண்ணி) பர்லுக்கோ (நம் பக்கம் மேடாக வரும் கண்ணி), பர்லிலிருந்து நிட்டுக்கோ மாறும்போது நூல் இரண்டு ஊசி முனைகளுக்கும் நடுவே போகாமல் ஊசியின் மேல் ஏறிப் போயிருக்கிறது. அடுத்த வரிசையில் அந்த நூலும் ஒரு கண்ணியாகிவிடும். 28 ஆகும் நாளில் ஒரு கண்ணி நழுவியிருக்கும், அல்லது இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னியிருப்பீர்கள். நழுவியது என்றால் கீழே எங்கோ ஒரு வளையம் அனாதையாக நிற்கும். சேர்ந்தது என்றால் ஒரு இடத்தில் இரண்டு கண்ணி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். 30 கண்ணி எண்ண 10 விநாடி. வரிசைக்கு வரிசை எண்ணினால் தவறு இந்த வரிசையில்தான் என்று தெரியும், 12 வரிசைக்கு அப்புறம் எண்ணினால் 12 வரிசையிலும் தேடவேண்டும்.

கண்ணி நழுவுவதைப் பற்றிய பயம் போக நான் எல்லோருக்கும் ஒரே மருந்துதான் கொடுப்பேன். 20 கண்ணியில் 15 வரிசை பின்னுங்கள், ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல். பிறகு வேண்டுமென்றே நடுவில் ஒரு கண்ணியை ஊசியிலிருந்து தள்ளிவிடுங்கள். துணியை அகலவாக்கில் இழுத்து அதை 5 வரிசை கீழே ஓடவிடுங்கள். இப்போது வழுவழுப்பான பக்கத்தை முன்னால் வைத்து, குரோஷா ஊசியை அந்த வளையத்துக்குள் முன்னிருந்து விடுங்கள். அதற்குப் பின்னால், நேர் மேலே குறுக்கே கிடக்கும் முதல் படியைக் கொக்கியில் பிடித்து வளையத்துக்குள் இழுங்கள். ஒரு வரிசை ஏறிவிட்டது. 5 முறை செய்து கண்ணியை ஊசியில் மாட்டுங்கள். இதை 10 தடவை செய்யுங்கள். முதல் தடவை பிள்ளைகள் கை நடுங்கும், ஐந்தாவது தடவை தாமாகவே இரண்டு கண்ணியைத் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: நழுவியதைப் பார்க்காமல் மேலே பல வரிசை பின்னிவிட்டால் அந்த இடத்தில் ஏணிப்படிக்கு நூல் மிச்சம் இருக்காது, பக்கத்துக் கண்ணிகளிலிருந்து கடன் வாங்கவேண்டும், அந்த இடம் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்போது அந்த வரிசைவரை பிரிப்பதே மேல்.

பிரிப்பதா விடுவதா என்பதற்கு என் கணக்கு இது. நழுவிய கண்ணியை எந்தக் காரணத்துக்காகவும் அப்படியே விடக்கூடாது, துவைக்கத் துவைக்க ஓடும். எண்ணிக்கை தவறினால், எங்கே என்று தெரிந்துகொண்டு, பழகும் பட்டையாக இருந்தால் அடுத்த வரிசையில் இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னியோ, ஒன்றைக் கூட்டியோ சரிக்கட்டிவிட்டு மேலே போகலாம். தொப்பிக்கு இது சரிப்படாது, ஓர விளிம்பில் இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று வரும் வரிசை முழுக்கக் குலைந்துவிடும், பிரித்துவிடுங்கள். நிட் வரவேண்டிய இடத்தில் ஒரு பர்ல் விழுந்துவிட்டால் அந்த ஒரு கண்ணியை மட்டும் அந்த வரிசைக்கு இறக்கி, கொக்கியால் சரியான பக்கமாக ஏற்றிக்கொண்டு வரலாம். கண்ணி ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றால் அது ஓடாது, கிழியாது. கண்ணை உறுத்தாவிட்டால் விடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளும் கரையில் வலை சீர்செய்வதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். கிழிசலை அப்படியே வைத்துப் பின்னமாட்டார்கள், நைந்த கண்களை வெட்டி எறிந்து, நல்ல முடிச்சு தெரியும்வரை ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்கள். ஆனால் ஒரு ஓட்டைக்காக முழு வலையையும் யாரும் அவிழ்ப்பதில்லை. எதுவரை போகவேண்டும் என்று பார்த்துத் தீர்மானிக்கும் அந்தக் கண் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அதைத்தான் இங்கேயும் கொண்டுவர வேண்டும்.

பிரிக்கும்போது பயம் இல்லாமல் இருக்க ஒரு வழி உண்டு. 10 வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஒரு வழுக்கும் நூலைக் கோத்து விட்டுவிடுங்கள். மெல்லிய தூண்டில் நரம்பே போதும், இரண்டு முனையிலும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே என்ன கெட்டாலும் பிரிந்து வந்து அந்த நரம்பில் நிற்கும். கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றும்போது ஒவ்வொன்றின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இடது கால் முன்னால் இருந்தால் கண்ணி திரும்பி உட்கார்ந்திருக்கிறது, அப்படியே முன்காலில் பின்னினால் அடியில் குறுக்காக முறுக்கிக்கொள்ளும். பின்காலில் ஊசி விட்டுப் பின்னினால் நேராகிவிடும். பிரித்துப் போட்ட பிறகு வரிசை ஒன்று மட்டும் இறுக்கமாக, வேறு மாதிரி தெரிகிறதே என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அதேபோல, பாதி வரிசையில் வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்ததும் உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. மாற்றிப் பிடித்தால் துணியின் ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயர்ந்துவிடும்.

தவறே இல்லாததைத் தவறு என்று நினைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று பின்னிய துணி ஓரத்தில் சுருளும். பக்கவாட்டு ஓரம் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரம் முன்பக்கமாகவும் சுருளும். அது அந்தப் பின்னலின் குணம், உங்கள் கையின் குற்றம் அல்ல. சந்தேகமாக இருந்தால் வீட்டில் ஒரு பழைய பனியனைக் கத்தரித்துப் பாருங்கள், துடைக்கிற துணியாகக் கிழிக்கும்போது அதன் ஓரம் சுருட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பூர் பனியனும் நீங்கள் பின்னும் தொப்பியும் ஒரே அமைப்பு. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தபோது அந்தக் கை வேலையைத்தான் பொறிக்குக் கொண்டுபோனார். பனியனின் வெளிப்பக்கத்தை நன்றாக இழுத்துப் பிடித்துப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 'வி' வடிவங்கள் தெரியும், உள்பக்கம் சின்னச் சின்ன மேடுகள். வெளிப்பக்கம் நிட், உள்பக்கம் பர்ல். 'வி'-யின் இரண்டு கால்களும் அடியில் சந்திக்கின்றனவா, குறுக்கே தாண்டுகின்றனவா என்று உங்கள் துணியில் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நூல் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு, கருநீலம் வேண்டாம், அதில் கண்ணியே தெரியாது. வெளிர் நிறத்தில், மயிர் இல்லாத, நடுத்தரப் பருமன் உல்லன் நூலில் பழகுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நூல்தான் கைக்கு இதம், ஆனால் அதற்கு இழுவை கிடையாது, இறுக்கமும் தளர்ச்சியும் அப்படியே காட்டிக்கொடுக்கும், கற்றுக்கொள்பவருக்கு அது கடினம். நம் கரையில் உப்புக் காற்று இரும்பு ஊசியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், ஒருமுறை வெள்ளைக் கம்பளியில் துருக்கறை பட்டு நான் அழுதிருக்கிறேன். அலுமினியமோ மூங்கிலோ வாங்குங்கள். கை வியர்க்கும் மத்தியானத்தில் மூங்கில் ஊசியில் கண்ணி ஒட்டும், விடிகாலையில் உட்காருங்கள். நூல் உருண்டையைப் பனையோலைப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் உள்ளே ஒரு துணி விரித்து வையுங்கள், ஓலை நுனி நூலைப் பிடித்து இழுக்கும்.

இடக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இத்தனை வருடத்தில் நான் சொல்லிக்கொடுத்த இடக்கைக்காரர்கள் இரண்டே பேர், அதனால் இதை அனுபவ உண்மை என்று அடித்துச் சொல்லமாட்டேன். இருவரும் வலக்கைக்காரர் மாதிரியே பழகினார்கள், இருவருக்கும் வந்தது. நிட்டிங்கில் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் பின்னினாலும் பின்னலாம், ஆனால் அப்போது வீடியோவிலும் குறிப்பிலும் வருகிற வலது இடது எல்லாவற்றையும் மனதில் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். உங்கள் 37-க்கும் 28-க்கும் இடக்கை காரணம் என்று நான் நினைக்கவில்லை, மேலே சொன்ன காரணங்களே போதுமானவை.

தொப்பி தொடங்கும்போது முதல் வரிசையை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். என் அண்ணன் மகனுக்கு நான் முதன்முதலில் பின்னிய ஸ்வெட்டரில் கண்ணிக் கணக்கில் ஒரு பிழை கிடையாது, முறுக்கு கிடையாது, அவ்வளவு கவனம். கழுத்தில் கடைசி வரிசையை முடிக்கும்போது அழுத்தமாக இருக்கட்டும் என்று இழுத்து இழுத்து முடித்தேன். குழந்தையின் தலை நுழையவில்லை. மூக்குவரை போய் மாட்டிக்கொண்டு அவன் கதறிய கதறலில் அண்ணி கத்தரியைத் தேடினார். நான் கத்தரிக்க விடாமல் கழற்றி வாங்கி, அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்து, இரண்டு அளவு பெரிய ஊசியால் தளர்வாக முடித்தேன், அரை மணிநேர வேலை. நீங்கள் தொப்பியை விளிம்பிலிருந்து தொடங்குவதால் உங்களுக்கு அந்த வரிசை முதலிலேயே வருகிறது. இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அவற்றின்மேல் கண்ணி போட்டுவிட்டு, ஒரு ஊசியை உருவிவிடுங்கள், விளிம்பு நன்றாக விரிந்து கொடுக்கும். தொப்பியைத் தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லுங்கள்.

12-ஆவது தடவை கண்ணி கூடினாலோ குறைந்தாலோ பிரிக்காமல் அப்படியே ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, இழுக்காமல், பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று படம் எடுத்து இங்கேயே போடுங்கள். ஊசியும் இரண்டு ஓரங்களும் முழுதாகத் தெரியவேண்டும். எந்த வரிசையில் நடந்தது என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.